மேற்குத் தொடர்ச்சி மலை: குறியீடா, கணக்கா?

2018 ஆகஸ்டில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளியானபோது, கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "பாதிப் படம் நடந்துக்கிட்டே இருக்காங்க. கடைசியில அந்தக் காத்தாடி. என்னமோ குறியீடு போல, இல்ல?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் தேனிப் பக்கத்துக்காரன். எங்களுக்குக் காத்தாடி மொட்டைமாடியில் நின்றாலே தெரிகிற பொருள்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக (முடிவையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும்). இயக்கம் லெனின் பாரதி, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், இசை இளையராஜா. ரங்கசாமி, இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூடையைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்குகிறவன். அவனுக்கு ஒரே ஆசை, கொஞ்சம் நிலம். ஒருவழியாக வாங்கியும் விடுகிறான். அப்புறம் விதைக்கும் உரத்துக்கும் கடன், நடுவில் ஜெயில். நிலம் கைமாறுகிறது. கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவனே காவலாளி.

இதைப் பார்த்தால் ஆல்பெர் காம்யு 1942-ல் எழுதிய சிசிபஸ் ஞாபகம் வரும். கல்லை மேலே உருட்டுவான், அது கீழே வந்துவிடும், மறுபடி உருட்டுவான். மனுஷ வாழ்க்கையே இப்படித்தான் என்று படிக்கலாம். தப்பில்லை. ஆனால் சிசிபஸுக்குத் தண்டனை கொடுத்தது தெய்வங்கள். ரங்கசாமிக்கு யார் கொடுத்தது? இங்கேதான் வரலாறு தேவைப்படுகிறது.

எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறு என்றாலே 1895, பென்னிகுயிக், முல்லைப் பெரியாறு அணை. மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். வாய்க்கால் பாய்ந்த இடம் இருபோக நெல்வயல் ஆனது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலம் மானாவாரியாகவே நின்றது. நிலமில்லாதவர்கள் கூலிக்கு மலையேறினார்கள்.

மலையில் ஏலக்காய். அதற்குச் சந்தை அடிவாரத்துப் போடி. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. மலையோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியும், 1956 மாநிலப் பிரிவினையில் அவை கேரளாவுக்கே போயின. ஆக, கூலி ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில். மலைக்கு ரோடும் ஜீப்பும் வந்தபிறகு தலைச்சுமைக்கும் வேலை குறைந்தது.

மிச்சம் இருந்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வேகமெடுத்து இங்கே வறண்டு இறங்கும். மானாவாரிப் பயிரைக் காயவைத்த அதே காற்றுக்கு ஒருநாள் விலை வந்தது. அது வீசும் நிலத்துக்கும் விலை வந்தது. அந்த நேரத்தில் நிலம் ரங்கசாமி கையில் இல்லை.

தண்ணீர், ஏலக்காய், காற்று. மூன்று தடவை இந்தப் பள்ளத்தாக்குக்குப் பணம் வந்தது. மூன்று தடவையும் அது நிலம் வைத்திருந்தவனிடம் போனது. நண்பர் குறியீடு என்று சொன்ன காத்தாடி எனக்கு இந்தக் கணக்கின் கடைசி வரியாகத்தான் தெரிகிறது.

அணை எத்தனை அடி, பாசனம் எத்தனை ஏக்கர் என்று தேடினால் கிடைக்கும். பட்டாவில் நிலக்காரர் பெயர் இருக்கும். மூடை தூக்கியவர் பெயருக்குப் பதிவேடு கிடையாது. அதனால்தான் அந்த நீண்ட நடையை நான் 'ஸ்லோ' என்று சொல்லமாட்டேன். அந்தப் பாதைக்கு இருக்கிற ஆவணம் அது.

உங்கள் வீட்டில் மலைக்கு நடந்துபோன தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தால், ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த வழி, எவ்வளவு எடை, என்ன கூலி. அது போதும்.