பிடித்த பிடி விடாமல்: கியூஎமுவின் ‘சிபிஆர்’ பிறந்த கதை

2015 மே மாதம் கிளவுட் நிறுவனங்களின் தூக்கத்தைக் கெடுத்தது, யாருமே பயன்படுத்தாத ஒரு ஃபிளாப்பி டிரைவ். கியூஎமு மென்பொருள் தான் உருவாக்கும் மெய்நிகர் கணினிகளுக்குப் பழைய பழக்கத்தில் ஒரு ஃபிளாப்பி கண்ட்ரோலரையும் வைத்துக் கொடுத்துவந்தது. 2004 முதல் அந்த நிரலில் ஒளிந்திருந்த ஓட்டை வழியாக, மெய்நிகர் கணினிக்குள் இருப்பவர் அதை வைத்திருக்கும் சர்வருக்கே வெளியேறிவிடலாம். ‘வெனம்’ என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், ஃபிளாப்பியே வேண்டாம் என்று அணைத்து வைத்தவர்களும் தப்பவில்லை. வேறொரு பிழையின் தயவில் அந்த நிரல் உள்ளே உயிரோடுதான் இருந்தது.

பேட்ச் வந்துவிட்டது. அதைப் போடுவதுதான் பெரும்பாடு. லினக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி என்பது ஒரு கியூஎமு புராசஸ். டிஸ்கில் புதிய பதிப்பை நிறுவினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதை நிறுத்தித்தான் புதியதைத் தொடங்க வேண்டும். நிறுத்தினால் வாடிக்கையாளரின் கணினியும் நின்றுபோகும்.

ஓடும் மெய்நிகர் கணினியை அப்படியே வேறு இயந்திரத்துக்கு மாற்றும் லைவ் மைக்ரேஷன் இருக்கிறதே என்பீர்கள். 2003-லேயே விஎம்வேர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2005-ல் கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்த குவேக் 3 சர்வரையே 60 மில்லிநொடி நிறுத்தத்தில் வேறு இயந்திரத்துக்கு மாற்றிக் காட்டினார்கள். ஆனால் இங்கே மாற வேண்டியது மென்பொருள் மட்டும். அதற்காக நூற்றுக்கணக்கான ஜிபி மெமரியை நெட்வொர்க் வழியே இன்னொரு சர்வருக்கு அள்ளிக்கொண்டு போவது வீண் வேலை.

அதைவிடப் பெரிய சிக்கல் சாதனங்களில் இருந்தது. கியூஎமு தானே நடித்துக் காட்டும் சாதனங்களால் தொல்லை இல்லை. அவற்றின் ரெஜிஸ்டர்கள் அதன் மெமரியில் இருக்கும் வெறும் மதிப்புகள். எழுதிவைத்து, புதிய புராசஸில் படித்துக்கொள்ளலாம். 2012-ல் லினக்ஸ் 3.6-இல் விஎஃப்ஐஓ வந்தபின், உண்மையான நெட்வொர்க் கார்டையே மெய்நிகர் கணினியின் கையில் கொடுப்பது எளிதானது. அந்தக் கார்டின் உள்நிலை கியூஎமுவுக்கே தெரியாது. புராசஸ் செத்தால் கர்னல் கார்டை ரீசெட் செய்துவிடும். அதில் நடந்துகொண்டிருந்த அத்தனையும் போச்சு.

2020 ஜூலையில் ஆரக்கிளின் ஸ்டீவ் சிஸ்டேர் இதற்கு ஒரு பேட்ச் தொகுப்பை அனுப்பினார். மெமரியை அப்படியே புதிய நிரலுக்கு விட்டுச்செல்ல வழி வேண்டும் என்று கர்னலிடமும் ஆரக்கிள் குழு கேட்டது. கர்னல்காரர்கள் மசியவில்லை. ஒரு விதத்தில் அது நல்லதற்குத்தான், ஏனென்றால் தேவையானது யூனிக்ஸில் ஏற்கெனவே கிடந்தது. கர்னலில் திறந்து வைத்திருக்கும் எதற்கும் புராசஸ் கையில் ஒரு எண் இருக்கும்: ஃபைல் டிஸ்கிரிப்டர். யூனிக்ஸ் சாக்கெட் வழியே அதை இன்னொரு புராசஸிடம் கொடுத்துவிடலாம். யாராவது ஒருவர் அதைப் பிடித்திருக்கும்வரை கர்னல் எதையும் மூடாது.

அந்த முயற்சியில் பிறந்த சிபிஆர் செய்வது இதைத்தான். மெய்நிகர் கணினியின் மெமரி ‘மெம்எஃப்டி’ என்ற பெயரில்லாத கோப்பாக இருக்கிறது. அதே சர்வரில் புதிய கியூஎமு எழுந்ததும் மெமரி, கார்டு, இன்டரப்ட் எல்லாவற்றின் டிஸ்கிரிப்டர்களையும் பழையது அனுப்பிவைக்கிறது. கார்டு ரீசெட் ஆவதில்லை. மெய்நிகர் கணினி உறைந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியிலும் பாக்கெட்டுகள் நேராக அதன் மெமரியில் வந்து விழுகின்றன. அப்போது வரும் இன்டரப்ட் ஒரு ஈவென்ட்எஃப்டியில் காத்திருந்து, பிறகு உள்ளே போகிறது.

ஒரு முடிச்சு மிச்சம். அதே மெமரி புதிய புராசஸில் வேறு முகவரியில் அமரும். கர்னலின் கணக்கிலோ பழைய முகவரி. கார்டு மெமரியை எட்ட உதவும் மேப்பிங்கை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் கார்டின் கை நடுவில் அறுந்துவிடும். 2021-ல் லினக்ஸ் 5.12-இல் சிஸ்டேர் சேர்த்த மாற்றம், மேப்பிங்கைத் தொடாமல் முகவரியை மட்டும் திருத்த விட்டது. மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கார்டுக்குத் தன் முதலாளி மாறியதே தெரியாது.

சிபிஆர் கியூஎமுவுக்குள் நுழையத்தான் ஆண்டுகள் ஆயின. சர்வரின் கர்னலை மாற்றும்போது உதவும் வகை 8.2 பதிப்பில் வந்தது. ஓடும்போதே கியூஎமுவை மாற்றும் வகை 2025-ல் 10.0 பதிப்பில் வந்தது. விஎஃப்ஐஓ சாதனங்கள் அடுத்த பதிப்பில் சேர்ந்தன.

சர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வசதியைப் பாதியில் ஒட்டவைக்க முடியாது. மெய்நிகர் கணினியைத் தொடங்கும்போதே மெமரியைப் பகிரக்கூடியதாக, ‘ஷேர்=ஆன்’ என்று கொடுத்திருக்க வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றை ஒரே ஒருமுறை நிறுத்தித் தொடங்கித்தான் ஆக வேண்டும். அதை அடுத்த ஓட்டை வெளியாவதற்குள் செய்துவிடுங்கள்.