ஒருசாலை மாணாக்கர்



ஓர் ஆசிரியரிடத்தில் ஒருங்கிருந்து பாடங் கேட்டவர்களை நம் முன்னோர் ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று வழங்கினர். இவ்வுறவுக்கு அவர்கள் அளித்த மதிப்பு எத்தகையது என்பதை நன்னூல் உணர்த்தும். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் யாவர் என்று வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை செய்தவன் என நால்வரைக் குறித்தார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது வழிவழி வந்த மரபு. ஒருவனுடைய தொடக்கத்தை நேரிற் கண்டவன் என்பதால், அவனைப் பற்றிச் சான்று கூறும் தகுதி உடன் கற்றவனுக்கு உண்டு என்பதே இதன் கருத்து.

இந்நாளில் நம் பாடசாலைகள் பலவற்றில் பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் நிகழ்கின்றன. விழாவின் சிறப்பைப் பேசுவோர் பலர் உளர். விழாவுக்கு முன்னே, பழைய தோழர் எங்குளர் என்று தேடும் முயற்சியைப் பற்றியே இன்று கூற விரும்புகின்றேன். அம்முயற்சி வரலாறு எழுதும் பணிக்கு ஒப்பானது.

ஈழத்திலே உடன் கற்றோர் கூடிச் செய்த செயல்கள் சிறியன அல்ல. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். வட்டுக்கோட்டை செமினரி எனப்பட்ட அதன் முதல் அதிபர் தானியேல் பூவர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அங்குப் பயின்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவரும் 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ பத்திரிகையின் ஆசிரியர்களாயினர். 1855இல் அச்சாலை மூடப்பட்டது. எனினும் அதன் பழைய மாணாக்கர் தம் தொடர்பை விட்டாரில்லை. அவர்களும் ஊர்ப் பெரியோரும் இடைவிடாது வேண்டியதன் பயனாகவே, 1872இல் அவ்வூரிலே யாழ்ப்பாணக் கல்லூரி மாணவரை ஏற்று வகுப்புகளைத் தொடங்கியது. சாலை மறைந்தும் ஒருசாலை மாணாக்கர் மறையாதிருந்தமையால் மீண்டும் ஒரு சாலை எழுந்தது.

யாழ்ப்பாணத்துப் பழைய கல்லூரிகளுக்கு இத்தகைய நெடிய தொடர்ச்சி உண்டு. வன்னியின் நிலைமை வேறு. புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பாதையில் உள்ள எமது நெடுங்கேணி போன்ற ஊர்களில், குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வியே உயர்தர வகுப்பின் கதவைத் திறந்தது. தந்தை கையெழுத்திட அறியாத வீட்டிலிருந்து மகன் பரீட்சைக்குத் தோற்றினான்; மகள் ஆசிரியையானாள். 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய மக்களின் பிள்ளைகளும் அவ்வாங்குகளில் அமர்ந்தனர்.

பின்னர் அவ்வகுப்புகள் சிதறின. 1983க்குப் பின் சிலர் கடல் கடந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, உடன் பயின்ற முஸ்லிம் தோழரும் புத்தளம் முதலிய இடங்களுக்குப் போயினர். 1997 மே மாதத்தில் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ படை நடவடிக்கையின்போதும், மீண்டும் 2008ஆம் ஆண்டிலும் நெடுங்கேணி மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். இறுதிப் போருக்குப் பின் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது.

இத்தகைய இடப்பெயர்வுகளில் பாடசாலைகளின் சேர்விடாப்பும் வரவிடாப்பும் சம்பவத்திரட்டும் பல இடங்களில் அழிந்தன. ஏடு அழிந்தவிடத்து, உடன் கற்றவரின் நினைவே ஏடாகின்றது. முதல் வாங்கில் இருந்தவர் யார், இடையிலே படிப்பை நிறுத்தியவர் யார் என்பதை நால்வர் கூடினால் ஓரளவு மீட்டெழுதலாம். ஒருவர் மறந்த பெயரை மற்றவர் எடுத்துத் தருவார். எவரிடத்தேனும் ஒரு விடுகைப் பத்திரம் எஞ்சியிருக்குமாயின், அதிலுள்ள சேர்விலக்கமும் திகதியும் பெருந்துணையாகும்.

இத்தேடலிலே மூவகையினர் எளிதில் விடுபட்டுப் போவர். முதலாவது வகையினர் பெண்கள். இடாப்பிலே தந்தையின் முதலெழுத்தோடு இருந்தவர், மணமான பின் கணவன் பெயரோடு வேறோர் ஊரில் வாழ்வார். அவரைத் தேட வேண்டின் தாய்வீட்டாரை வினவுதல் வேண்டும். இரண்டாவது வகையினர் வறியோர். வெளிநாட்டிலிருந்து வரும் தோழரின் விடுமுறைக்கேற்ப நாள் குறிப்பதும், பெருந்தொகையைப் பங்குப்பணமாக விதிப்பதும், கூலிவேலை செய்யும் தோழனை வாயிலிலேயே நிறுத்திவிடும். அழைப்பு வந்தும் அவன் வாராமைக்கு மறதி காரணமன்று, மானமே காரணம்.

மூன்றாவது வகையினரைப் பற்றிப் பேசும்போது சொல்லை அளந்து பேசுதல் வேண்டும். ஒன்றுகூடல்களில் மறைந்த தோழருக்கு விளக்கேற்றி அஞ்சலி செய்வது வழக்கம். அப்பட்டியலிற் காணாமல் ஆக்கப்பட்டோரையும் சேர்த்துவிடுகின்றனர். இது பொருந்தாது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உரைக்கும் சான்றிதழை வழங்க 2016ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்டமே இடமளித்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து, தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினர். அக்கேள்விக்கு விடை கிடையாதிருக்க, நாம் ஒரு விளக்கை ஏற்றி விடை கூறிவிடலாமா? இறந்தோர் பட்டியல் ஒன்றாகவும், காணக்கிடையாதோர் பட்டியல் வேறொன்றாகவும் இருத்தல் வேண்டும். இரண்டாவதை வாசிக்குமுன் அவர்தம் வீட்டாரிடம் சென்று அனுமதி பெறுதல் கடமை.

ஒருசாலை மாணாக்கன் சான்று கூறத் தகுதியுடையவன் என்று இலக்கணம் வகுத்தது. நம் தலைமுறைக்கு அத்தகுதி ஒரு பொறுப்பாக வந்திருக்கின்றது. இவன் எங்களோடு படித்தான், இன்ன ஆண்டில் இன்ன வகுப்பில் இருந்தான் என்று கூற, பல வீடுகளுக்கு நம்மையன்றி வேறு சாட்சி இல்லை. ஆதலால் விழாக் குழுவினர் மண்டபத்தையும் விருந்தையும் ஒழுங்கு செய்யுமுன், பெயர்ப் பட்டியலை நிறைவு செய்வாராக. அதற்காக விழா ஒரு மாதம் பிந்துமாயினும் குறையொன்றுமில்லை.