ரமணாசிரமப் பகுதியின் மழையும் வெப்பமும்

ரமணாசிரமப் பகுதி திருவண்ணாமலை நகரின் தென்மேற்கே, செங்கம் சாலையில், அண்ணாமலையின் தென் அடிவாரத்தில் உள்ளது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. ஆண்டு சராசரி ஏறத்தாழ 1000 மி.மீ. எனவே இதனை வறண்ட நிலம் என்பது பொருந்தாது. மழை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இங்குள்ள சிக்கல்.

1876–78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்ததால் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1896-ல் ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தார். மலையில் அவர் வாழ்ந்த இடங்களே ஒருவகைப் பருவநிலைக் குறிப்புகள்தான். விருபாட்ச குகையில் கோடை வெப்பம் தாங்காது. அதனால் அம்மாதங்களில் முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகிலுள்ள மாமரக் குகைக்குச் செல்வார். 1916-ல் குடிபுகுந்த ஸ்கந்தாசிரமத்தில் சுனை இருந்தது. 1922-ல் அன்னையின் சமாதி பாலிதீர்த்தத்தின் அருகே அமைந்தது; அங்கே ஆசிரமம் வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் அருகில் நீர் இருந்தது தற்செயல் அல்ல.

மரம் வெட்டுதலாலும் காட்டுத்தீயாலும் மலை மொட்டையானது. வெறும் பாறை பகலில் சூடேறி, இரவிலும் வெப்பத்தை உமிழும். மழைநீரும் தங்காமல் ஓடிவிடும். 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் மரக்கன்றுகள் நட்டு வருகின்றனர்.

2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 1-ல், ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் சரிவில் மண்சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தனர்.