கிளைட் ஆற்றங்கரையிலிருந்து வந்த மெஷின்

தையல் கிளாசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதலில் நூலும் கிடையாது, துணியும் கிடையாது. வெறும் மிதிதான். சக்கரத்தைக் கையால் தன் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, அந்த வேகம் அடங்குவதற்குள் பாதங்கள் மிதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் சக்கரம் பின்னோக்கி ஓடும். நூல் கோத்திருந்தால் அந்த நொடியே சிக்கி அறுந்திருக்கும். கால் பழகிய பிறகு கோடு போட்ட நோட்டுத்தாள் வரும். நூலில்லாத ஊசி அந்தக் கோட்டின் மேலேயே துளையிட்டுப் போக வேண்டும். நேர்கோடு வந்தால் சதுரம், சதுரம் வந்தால் வளைவு, கடைசியில் சுருள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கை எங்கே பதறியது என்று தெரிந்துவிடும். "துணிய இழுக்காதம்மா, பல்லு தானா தள்ளும்" என்று சொல்லாத தையல் டீச்சரை நான் பார்த்ததில்லை.

அந்தக் கறுப்பு மெஷின் அந்தப் பிள்ளையின் காலடிக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. அது ஊசியின் காதில் தொடங்குகிறது. கைத்தையல் ஊசிக்குக் காது தலையில் இருக்கும். மெஷின் ஊசிக்கு முனையருகே. ஊசி துணிக்குள் இறங்கி மேலேறத் தொடங்கும்போது அடியில் நூல் ஒரு கண்ணியாக விரிகிறது. பாபின் நூல் அந்தக் கண்ணிக்குள் மாட்டிக்கொள்ள, இரண்டும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் 1830களிலேயே இதைச் செய்து பார்த்தார், காப்புரிமை வாங்கவில்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் வாங்கினார். 1851இல் ஐசக் சிங்கர் தன்னுடைய மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். இதற்கெல்லாம் முன்பே பிரான்சில் திமோனியே என்ற தையல்காரர் வேறொரு வகைத் தையல் மெஷினை உருவாக்கியிருந்தார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831இல் பாரிசில் அவருடைய மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள். கைத்தையலை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களின் அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

என் கணக்கில், கண்டுபிடிப்பைவிடப் பெரிய திருப்பம் 1856இல் நடந்தது. சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் மெஷினைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கினார். மொத்தப் பணம் கொடுத்து வாங்க முடியாத குடும்பத்திலும் மெஷின் நுழைந்தது. முதலாளியின் பட்டறையில் மட்டும் ஓடியிருக்க வேண்டிய ஒன்று வீட்டுத் திண்ணைக்கு வந்தது இப்படித்தான். 1877இலேயே கொழும்பில் சிங்கர் கடை திறந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில், கிளைட்பேங்க் ஊரின் கில்போவி பகுதியில் 1885 வாக்கில் சிங்கரின் பெரும் தொழிற்சாலை எழுந்தது. பழைய மெஷின்களில் '15கே' என்று மாடல் எண் இருந்தால் அந்தக் 'கே' கில்போவியைக் குறிக்கும். 1913இல் மட்டும் அங்கிருந்து சுமார் 13 லட்சம் மெஷின்கள் வெளியே போயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மரப்பெட்டிகளுக்கு மெருகு போடும் பிரிவில் ஆளைக் குறைத்து, அந்த வேலையையும் மிச்சமிருந்த 12 பெண்கள் தலையில் கட்டினார்கள். அவர்கள் மறுத்து வெளியேற, சில நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர்களோடு நின்றார்கள். போராட்டம் தோற்றது, பலர் வேலையிழந்தார்கள். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் துடைத்துவைத்த அந்த மரத்தின் பளபளப்புக்குப் பின்னால் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள்.

1924இல் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் காந்தியிடம், இயந்திரம் எல்லாவற்றுக்குமே நீங்கள் எதிரியா என்று கேட்டார். தையல் மெஷினுக்குக் காந்தி விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் காணச் சகியாமல் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். மாணவர் விடவில்லை. அப்படியானால் தையல் மெஷின் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்றார். வேண்டும்தான், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தி. அந்த மாணவர்தான் 1947இல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன்.

1930களில் கொல்கத்தாவில் உஷா மெஷின் பிறந்தது. பின்னர் லூதியானாவிலும் பட்டறைகள் பெருகின. பெயர்கள் மாறினாலும் உள்ளே இருந்தது பெரும்பாலும் சிங்கரின் அந்த 15 ரகத்தின் அமைப்பே. அதனால்தான் இன்றும் ஊர்க்கடையில் மெஷினின் பெயரைச் சொல்லாமலே 16ஆம் நம்பர் ஊசியும் பாபினும் கேட்டு வாங்க முடிகிறது.

இங்கே தையலைக் கற்றுக்கொள்ள இரண்டு வழிகள் இருந்தன. டெய்லர் கடையில் சேர்ந்த பையன் காஜா எடுப்பதில் தொடங்கினான். பட்டன் கட்டினான், எம்மிங் பண்ணினான், மெஷினில் உட்கார வெகுகாலம் காத்திருந்தான். பெண் பிள்ளைகளுக்குக் கிளாஸ்: ஜப்லா, ஜட்டி, பாவாடை, கவுன், பிறகு ஜாக்கெட். பத்தாவதில் பெயிலான பெண்ணுக்கு 'தையலாவது கத்துக்கட்டும்' என்பார்கள். அந்த 'ஆவது' மேல் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். தட்டையான துணியை உருண்ட உடம்பின் மேல் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பது சாதாரணக் காரியமில்லை. மார்புச் சுற்றளவை நாலாக வகுத்து, தளர்வுக்கும் தையலுக்கும் இடம் விட்டு, கைக்குழியை வளைத்து, டக் எங்கே முடிய வேண்டும் என்று முடிவுசெய்கிறாளே, அவள் வடிவியல்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கத்தரி ஒருமுறை ஓடிவிட்டால் அழித்து எழுத முடியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

திருப்பூர் கம்பெனிகளில் இன்று மிதி இல்லை. மோட்டாரில் ஓடும் பவர் டேபிள். அங்கே ஒருத்தி நாள் முழுக்கத் தோள் மட்டும் இணைப்பாள், இன்னொருத்தி கை மட்டும் வைப்பாள். முழுச் சட்டையைத் தைக்கத் தெரிந்தவளுக்கும் அங்கே ஒரு தையல்தான். அதனால்தான் கிளாசில் கற்கும் கட்டிங்கைப் பெரிதாக நினைக்கிறேன். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவச மெஷின் தருகிறது. தைக்கத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. நல்ல காரியம். ஆனால் கட்டிங் கைவராத பெண்ணின் வீட்டில் அந்த மெஷின் சேலைக்கு ஓரம் அடிக்கவும் ஃபால்ஸ் வைக்கவும்தான் ஓடும். ஜாக்கெட் கூலி பக்கத்துத் தெரு டெய்லருக்குப் போய்விடும். சான்றிதழ் வகுப்புகளில் மிதிக்கும் நாட்களைவிட வெட்டும் நாட்கள் அதிகமாக இருக்க வேண்டும். அந்தத் துணியையும் பிள்ளைகள் தலையில் கட்டாமல் வகுப்பே வாங்கித் தர வேண்டும்.