கஞ்சமலையும் இரும்பும்

தலைநகருக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களுள் குதுப்மினார் ஒன்று. அங்குள்ள இரும்புத் தூணைக் காட்டி, இது குப்தர் காலத்தது, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகியும் துரு இதனை அரிக்கவில்லை என்று விளக்குவோம். அவர்களும் வியந்து நிற்பர். ஆனால் விடுமுறைக்கு நாம் ஊர் செல்லும்போது, வண்டி சேலம் சந்திப்பைக் கடந்து ஈரோடு நோக்கி விரைகையில், தொலைவில் ஓர் இரும்பு மலையே தெரிவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? சேலம் என்றால் மாம்பழமும் வெண்பட்டும் நினைவுக்கு வருகின்றன. கஞ்சமலை வருவதில்லை.

சேலத்துக்குத் தென்மேற்கே, 3,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது கஞ்சமலை. அடிவாரத்திலுள்ள சித்தர் கோயில் பெயர் பெற்றது. அமாவாசை தோறும் பெருங்கூட்டம் கூடும். முதியவரை இளைஞராக்கிய மூலிகை ஒன்று இம்மலையில் உண்டென்னும் கதையை அங்கு யாரும் சொல்வர். மலையின் உண்மையான அதிசயமோ அதன் பாறையில் இருக்கிறது. வெண்கல்லும் கருங்காந்த இரும்புத் தாதும் மாறி மாறிப் படிந்த அடுக்குகள், ஒன்றினுள் ஒன்று வைத்த தோணிகளைப் போல வளைந்து மலை முழுதும் செல்கின்றன என்பர் நிலவியல் அறிஞர்.

நாம் நண்பர்கள் சிலருடன் ஒரு காலைப் பொழுதில் அம்மலைப் பாதையில் ஏறினோம். முட்புதர்களுக்கிடையே கல்லும் சரளையுமாய் ஏறும் தடம் அது. மழை நீர் வழிந்தோடிய ஓடைகளில் கருமணல் கோடு கோடாய்ப் படிந்திருந்தது. உடன் வந்த சிறுவன் தன் விளையாட்டுக் காந்தத்தை அதில் வைத்தெடுத்தான். மயிர்க்கூச்செறிந்தாற்போல் மணல் அதனைப் பற்றி நின்றது. பண்டைய உருக்காலையாளர் ஆழச் சுரங்கம் தோண்டாமைக்குக் காரணம் அப்போது விளங்கிற்று. உதிர்ந்த தாதை மலையே அடிவாரத்துக்கு இறக்கிக் கொடுத்தது, அவர்கள் அதனைப் பொடித்து, கழுவியோ புடைத்தோ வெண்கல் துகளை நீக்கினர், அவ்வளவே.

அவர்களுடைய உலை மண்ணால் ஆனது. 3 முதல் 5 அடி உயரமே இருக்கும். ஆட்டுத்தோல் துருத்தியால் காற்றூதி, கரியும் தாதும் மாறி மாறி இட்டு, சில மணி நேரத்தில் ஓர் இரும்புக் கட்டியை எடுப்பர். எஃகு வேண்டுமாயின், அவ்விரும்பைத் துண்டாக்கி, ஆவாரங் கட்டையுடன் மண் மூசையிலிட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கிச் சுடுவர். இதுவே மேலை நாட்டார் 'ஊட்ஸ்' என்றழைத்த எஃகு. கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு அது என்பர். நம் 'உருக்கு' அதன் உறவு. கொடுமணல் அகழாய்வில் இரும்புலைகளும் மூசைகளும் கிடைத்தமையால், இத்தொழில் கொங்கு நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையதென்பது உறுதி. மின்னியல் மேதை பாரடேயும் 1819-இல் இந்திய எஃகை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

இங்கேதான் ஜோசையா மார்ஷல் ஹீத் வருகிறார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராயிருந்தவர் அவர். இரும்பின் மீதுற்ற ஆசையால் வேலையைத் துறந்தார். (ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துப் பார்த்து வாழும் நம்போன்றோர்க்கு இது நினைக்கவும் அரிய துணிவு!) 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய ஊதுலைகளை எழுப்பினார். தாது சேலத்து மலைகளிலிருந்து கடற்கரை வரை போக வேண்டியிருந்தது. நிலக்கரி இல்லை, எரித்ததெல்லாம் மரக்கரி. சிற்றுலைக்குச் சுற்றுக்காட்டின் சுள்ளி போதும். பேருலைக்கோ காடுகளே போதவில்லை. கும்பினி கடன் கொடுத்தும், பின்னர் வேறு நிறுவனம் ஏற்று நடத்தியும், அந்தத் தொழில் நட்டத்திலேயே ஓய்ந்தது. பரங்கிப்பேட்டை இரும்பு பிரிட்டனில் மெனாய் தொங்கு பாலத்துக்குச் சென்றதெனச் சிலர் எழுதுகின்றனர். அப்பாலம் திறக்கப்பட்டது 1826-இல். ஆலை தோன்றியது நான்காண்டு கழித்து. பெருமை பேசும்போதும் ஆண்டைச் சரிபார்த்துக் கொள்வது நலம்.

ஹீத் தாயகம் திரும்பி, 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகின் விலை வெகுவாகக் குறைந்தது, ஆலையதிபர்கள் செழித்தனர். அவருடைய முகவரே அம்முறையைச் சற்று மாற்றிக் கையாண்டு உரிமைத்தொகை தர மறுத்தார். வழக்கு நீண்டது. 1851-இல் ஹீத் வறுமையில் இறந்தார். 1855-இல் வந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது. அவருக்காக நாம் இரங்கலாம். ஆயினும் அவர் பெயராவது வழக்கேடுகளில் நிற்கிறது. ஆவாரையும் எருக்கும் அறிந்து மூசை மூடிய நம் உலைக்களத்தார் ஒருவர் பெயரும் அவ்வேடுகளில் இல்லை.

1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்ட, 1981-இல் சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்திலேயே உற்பத்தியைத் தொடங்கியது. துருப்பிடிக்கா எஃகுத் தகடு அங்கே உருளைகளில் மெலிந்து மின்னுகிறது. மலையடியில் ஆலை வேண்டுமென்று போராடியவர்கள் எண்ணியது மலைத் தாதை உருக்குவதை, நடந்ததோ வேறு. வெளியிலிருந்து வந்த எஃகையே தகடாக்கினர். 2010-ஐ ஒட்டி உருக்குப் பிரிவு சேர்ந்தபோதும் கஞ்சமலைத் தாது உள்ளே செல்லவில்லை. ஆலையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் மலை தன் இரும்போடு அப்படியே நிற்கிறது.

காண விழைவோர் சேலத்திலிருந்து நகரப் பேருந்தில் சித்தர் கோயில் வரை செல்லலாம். அமாவாசையைத் தவிர்த்து, வெயிலேறுமுன் நடப்பது நன்று. உலைகளைப் பற்றிய அறிவிப்புப் பலகை எதனையும் நாம் அங்கே காணவில்லை. வழியில் கறுத்து, கண்ணாடிபோல் உருகி இறுகி, துளைகள் நிறைந்த கல் ஏதேனும் காலில் இடறினால், அதனைக் கையிலெடுத்துப் பாருங்கள். இரும்புக் கிட்டமாக இருக்கலாம்.