அரக்கர் பேசும் மொழி

வன்னி நாட்டுக் கூத்து மேடையில் மொழி ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. முல்லைத்தீவுப் பகுதியில் வழங்கிவரும் கோவலன் கூத்திலே தெய்வத்தன்மை பெறும் கண்ணகியும், அரியணையில் வீற்றிருக்கும் பாண்டியனும், வஞ்சனை செய்யும் பொற்கொல்லனும் ஒரே தமிழிலே பாடி ஆடுகின்றனர். இராமாயண பாரதக் கதைகளைக் கூத்தாக ஆடும் ஏனைய இடங்களிலும் இவ்வழக்கே காணப்படும். தேவர்க்கு ஒரு மொழி, அரக்கர்க்கு ஒரு மொழி என்ற பாகுபாட்டை அண்ணாவியார் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. விடியும்வரை கூத்துப் பார்த்திருந்தவர்களும் அதுபற்றிக் கேட்டதில்லை.

பேசும் படம் தோன்றிய பின்னரே இக்கேள்வி எழுந்தது. ஒரு மொழியிற் பேசி நடித்த உருவத்தின் வாயில் வேறொரு மொழியை வைக்கும் வித்தை வந்து சேர்ந்தது. 1943 ஆம் ஆண்டிலே கன்னடத்தில் உருவான அரிச்சந்திரன் கதைப் படத்தை, அடுத்த ஆண்டிலேயே ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தமிழ்க்குரல் கொடுத்து வெளியிட்டார். இந்தியாவில் இவ்வாறு குரல் மாற்றப்பட்ட முதற்படம் அதுவே என்பர். இத்தொழில் புறத்தார் எண்ணுவதுபோல் எளிதன்று. கருத்தைப் பெயர்த்தால் மட்டும் போதாது. வாயசைவையும் பெயர்த்தல் வேண்டும். நடிகரின் இதழ்கள் கூடும் இடத்திலே பகரமோ மகரமோ வந்து விழாவிட்டால், பார்ப்போர் நகைப்பர். இவ்விரு எழுத்துகளும் இதழ் பொருந்தப் பிறப்பவை என்று தொல்காப்பியர் வகுத்துரைத்ததை, ஒலிப்பதிவு அறையில் அமர்ந்த வசனகர்த்தா மீண்டும் கற்கவேண்டியவரானார்! ஒரு வசதி இருந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிற்போலவே வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியிலே வருகின்றது. ஆதலின் நடிகர் எச்சொல்லில் குரலை உயர்த்துகிறாரோ, அச்சொல்லுக்கு நேரான சொல்லை அதே இடத்திலே வைக்க இயன்றது. ஆங்கிலப் படத்தைத் தமிழாக்க முனைந்தவர்க்கு இவ்வசதி கிட்டவில்லை.

மாயாஜாலப் படங்களைப் பொறுத்தவரை, குரல் மாற்றுவதிலும் சிறந்த வழியொன்றை விஜயா நிறுவனத்தார் கைக்கொண்டனர். கே. வி. ரெட்டி இயக்கிய 'பாதாள பைரவி'யை 1951 இலும், 'மாயா பஜா'ரை 1957 இலும் தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் தயாரித்தனர். பின்னைய படம் மொழிக்கு மொழி சில நடிகர் மாறியும், கதாநாயகியின் பெயர் மாறியும் வெளிவந்தது. தெலுங்கிலே சசிரேகையாக வந்த பலராமன் மகள், தமிழிலே வத்சலையானாள். வத்சலா கலியாணம் என்று கேட்டுப் பழகிய செவிகளுக்குச் சசிரேகை அந்நியமாகவே ஒலித்திருப்பாள். எனவே பெயரை மாற்றியது தகும்.

அப்படத்தின் தெலுங்கு வசனத்தை எழுதிய பிங்களி நாகேந்திரராவ், அரக்கரின் பேச்சிலேதான் தம் முழுத் திறமையையும் காட்டினார். நம்மவர் என்னும் பொருள்படும் 'அஸ்மதீய' என்ற வடசொல்லை அரக்க மாணவர் சிதைத்துச் சொல்கின்றனர். பிறகு அதற்கு எதிர்ச்சொல்லாகத் 'தஸமதீய' என்று ஒன்றைத் தாமே படைத்து விடுகின்றனர். ஆசிரியர் திருத்தப் புகுகிறார். கடோற்கசனோ மாணவரின் பக்கம் நின்று, யாரும் உண்டாக்காமல் சொற்கள் எவ்வாறு உண்டாகும் என்று வினவுகிறான். மொழிநூலறிஞர் பெருநூல் எழுதி விளக்கும் உண்மையை ஓர் அரக்கன் வாயால் ஒரே வினாவில் சொல்வித்தது எத்துணை நயமானது! கம்பளிக்குக் 'கிம்பளி', தல்பம் என்னும் படுக்கைக்குக் 'கில்பம்' என்று அவர் ஆக்கிய மாயப்பொருட் பெயர்களும் இத்தகையனவே. தெலுங்கில் கம்பளி கிம்பளி என்று இரட்டிப்பதுபோல, நாமும் புலி கிலி, பணம் கிணம் என்கிறோம் அல்லவா? இரு மொழிக்கும் பொதுவான இந்த விளையாட்டு, அரக்கரை அண்டை வீட்டுப் பிள்ளைகளாக்கி விட்டது. தமிழ்ப்படத்தின் வசனமும் பாடல்களும் தஞ்சை இராமையாதாஸ் எழுதியவை. எஸ். வி. ரங்காராவ் கடோற்கசனாகத் தோன்ற, திருச்சி லோகநாதன் பாடிய அந்தக் கலியாண விருந்துப் பாட்டைக் கேட்ட குழந்தைகளுள் அரக்கனைக் கண்டு அஞ்சியவர் அரியர்.

வன்னியிலே இத்தகைய படங்கள் கண்வழி வந்ததினும் செவிவழி வந்ததே அதிகம் எனலாம். பட மாளிகைக்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பயணஞ் செய்ய இயலாதவர்க்கு, இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு பாடல்களைக் கொண்டுவந்தது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சியிலே குடியேறியோர் பல்வேறு தமிழைப் பேசினர். பூர்வீக வன்னியாரின் பேச்சு ஒருவகை. தீவகற்பத்தினின்றும் வந்தோரின் பேச்சு வேறுவகை. பிற்காலத்திலே வன்செயல்களால் இடம்பெயர்ந்து வந்த மலையகத்தாரின் பேச்சு மற்றொருவகை. ஒருவர் 'ஓம்' என்னும் இடத்தில் மற்றவர் 'ஆமாம்' என்பார். படத்து அரக்கனோ 'ஆம்' என்றான். அவனுடைய தமிழ் எவருடைய வீட்டுத் தமிழும் அன்று. ஆகவே எல்லார்க்கும் பொதுவாயிற்று.

இதற்கு நேர்மாறான வழியிலே சென்றது 2015 ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த எஸ். எஸ். இராஜமௌலியின் 'பாகுபலி'. இதுவும் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுக்கப்பட்டதே. ஆனால் நாட்டின்மேற் படையெடுத்து வரும் காலகேயர் இரு மொழியையும் பேசவில்லை. 'கிளிக்கி' என்னும் புதுமொழியைப் பேசினர். சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட அம்மொழியை ஆக்கியவர், தமிழ் வசனத்தையும் எழுதிய மதன் கார்க்கி. அவர் ஆஸ்திரேலியாவிலே வாழ்ந்த காலத்திற் சிறுவர்களோடு விளையாடுவதற்காகக் கட்டிய மொழியே இதற்கு வித்து. 'மின்' என்றால் நான்; அதனைத் தலைகீழாக்கிய 'நிம்' என்றால் நீ. எத்தனை மொழிகளில் அப்படம் ஓடினாலும் காலகேயருக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. காலகேயர் பாரதத்திலே வரும் அசுரர். கடலுள் ஒளித்தபோது அகத்தியர் கடல்நீரைக் குடித்து அவர்களை வெளிப்படுத்தினார் என்பது கதை. தமிழுக்கு இலக்கணம் செய்தவராகப் போற்றப்படும் அம்முனிவரால் அழிவுற்றவர்க்கு ஒரு தமிழ்க் கவிஞர் இலக்கணம் செய்து கொடுத்தது விந்தையே.

ஆயினும் இங்கே ஓர் உறுத்தல் உண்டு. விளையாட்டு மொழி போர்க்களத்தில் வந்தவுடன் கொடியோரின் அடையாளமாயிற்று. விளங்காத ஒலி பேசுபவன் விலங்கு என்ற எண்ணத்தை அது பார்ப்போரின் நெஞ்சில் எளிதிலே ஊன்றிவிட்டது. கடோற்கசனுக்குத் தமிழ் கொடுத்தவர்கள் அவனை உறவினனாக்கினர். தமிழ் மறுக்கப்பட்ட காலகேயன் பகைவனாகவே மடிந்தான். வன்னி மக்கள் இவ்வேறுபாட்டை ஏட்டிலே கற்கவேண்டியதில்லை. 'மாயா பஜார்' வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1956 இலே சிங்களம் ஒன்றே அரசகரும மொழியாகச் சட்டமாயிற்று. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பிலே இடம்பெற 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் ஏந்தி, வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடி நடந்த தலைமுறையினர் அங்கே உளர். மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் தாம் எவ்வாறு தோன்றினோம் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கிளிக்கியின் கதை போர்க்களத்தோடு முடியவில்லை. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 ஆம் நாள், சர்வதேச தாய்மொழித் தினத்திலே, எவரும் கற்றுக்கொள்ளத்தக்க வகையில் அம்மொழி இணையத்தளத்தில் வெளியிடப்பட்டது. சிறுவரின் விளையாட்டிலே தொடங்கிய அது, காலகேயரின் வாயினின்றும் நீங்கி, கற்க விரும்புவோரின் கையை வந்தடைந்தது.