கூலிங் காயிலும் காணாமல் போன கேஸும்

போன சித்திரை மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காரின் டாஷ்போர்டு மூன்று நாள் பாயில் படுத்துக் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்னப்பா, வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். அப்பா சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். எங்களுக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் சீசன். திண்டுக்கல்லில் ஏறும் ஆட்கள் கொடைக்கானல் குளிருக்குப் போகிறவர்கள்தான். ஆனால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரை வெயிலில் வேக வேண்டுமே! அதனால் போனில் முதல் கேள்வியே "ஏ.சி. இருக்கா?" என்பதுதான். எங்கள் வண்டியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. மூன்று சவாரி கை நழுவிப் போனது.

மெக்கானிக் பார்த்துவிட்டு "கூலிங் காயில் லீக்" என்றார். காயில் விலையைவிடக் கூலி அதிகம். காரணம், அது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்யும் என் சித்தப்பா "நாமளே மாத்திடலாம்டா, என்ன பெரிய வித்தை" என்றார். நான் பி.காம். கடைசி வருடம். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உயர்ந்த பதவி எனக்குக் கிடைத்தது :-)

பானெட்டைத் திறந்து, பைப் சேரும் இடத்தில் சித்தப்பா நட்டை லூசாக்கினார். புஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். அரை நிமிடம் இருக்கும், பிறகு அடங்கிவிட்டது. "அவ்வளவுதான், கேஸ் போயிடுச்சு. அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றார். எங்கே போனது என்று நான் கேட்டதற்கு மேலே கை காட்டினார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

பானையும் காயிலும்

நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது, மீதித் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கூலிங் காயில் செய்வதும் இதே வேலைதான். அதற்குள் போகும் திரவம் சுமார் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்க, முன்னால் உள்ள கண்டென்சர் வெப்பத்தை வெளியே தள்ள, மறுபடி திரவமாகிக் காயிலுக்குத் திரும்பும். ஒரே வித்தியாசம், பானைத் தண்ணீர் காற்றோடு போய்விடும். இங்கே கேஸ் வெளியே போகாமல் உள்ளேயே சுற்ற வேண்டும்.

ஆவியாதலால் குளிர் உண்டாவதைப் பற்றி ஸ்காட்லாந்தின் வில்லியம் கல்லன் 1756-இல் கட்டுரை வெளியிட்டார். அமுக்கி, குளிரவைத்து, மறுபடி ஆவியாக்கும் சுற்றுக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது கடைக்கு வரப் பல காலம் ஆனது.

அதுவரை நம் பக்கம் குளிர் வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, குளிரை இறக்குமதி செய்வது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833-இல் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. சென்னையில் 1842-இல் அதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இன்னொன்று, நாமே குளிரைத் தேடிப் போவது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து முதலில் நம் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஆக, எங்கள் அப்பாவின் சீசன் சவாரிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் அவர்கள்தான்!

டாஷ்போர்டுக்குள் ஒளிந்த கதை

குளிர் காருக்குள் வந்தது 1939-இல். அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி அந்த வருடம் சிகாகோ கண்காட்சியில் ஏ.சி. கார் காட்டியது. ஏ.சி.க்கு மட்டும் தனியாக 274 டாலர். அதில் கூலிங் காயில் பின் சீட்டுக்குப் பின்னால், டிக்கியில் இருந்தது. ஏ.சி.யை அணைக்க சுவிட்ச் கிடையாது. வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1941-க்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள்.

பதின்மூன்று வருடம் கழித்து, 1954-இல், நாஷ் அம்பாசடர் என்ற கார் எல்லா உறுப்புகளையும் முன்பக்கமே கொண்டுவந்தது. (நம்ம ஊர் அம்பாசடர் இல்லை, அது வேறு.) நாஷ் கம்பெனி யாரோடு சேர்ந்திருந்தது தெரியுமா? ஃபிரிட்ஜ் செய்யும் கெல்வினேட்டரோடு. ஹீட்டர், ஏ.சி. இரண்டையும் ஒரே அமைப்பாகச் சேர்த்து, டாஷ்போர்டின் துவாரங்கள் வழியே காற்று வர வைத்தார்கள். டிக்கியில் இடம் மிச்சம், விலையும் குறைவு. இன்று வரும் கார்கள் எல்லாம் இந்த வழியில்தான். எங்கள் டாஷ்போர்டு பாயில் படுத்ததற்கு விதை போட்டது 1954-இல்தான் என்று சொல்லலாம்.

நம் நாட்டில் பழைய அம்பாசடர், ஃபியட் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி தொங்கும். அதற்குள்தான் காயில். கழற்றுவது சுலபம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-இல் சுசுகி, டென்சோ என்ற இரண்டு ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டாகச் சுப்ரோஸ் நிறுவனம் தொடங்கி, கார் ஏ.சி.யை இங்கேயே செய்தது. பெட்டி மெதுவாக உள்ளே போய் மறைந்தது.

கேஸின் கதை

ஆரம்ப கால ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை இருந்தன. கசிந்தால் ஆளையே கொல்லும். இதற்கு மாற்றாக 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடித்ததுதான் ஃப்ரியான், அதாவது ஆர்-12. நஞ்சில்லை, தீப்பிடிக்காது. 1930-இல் விஞ்ஞானிகள் சபையில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்குள் இருப்பவனுக்கு ஆபத்தில்லை என்பது உண்மைதான்.

44 வருடம் கழித்து, 1974-இல், மொலினாவும் ரோலண்டும் இந்த வகை கேஸ் மேலே போய் ஓசோனை அரிக்கும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை உலகுக்குத் தெரிந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 1992-இல் சேர்ந்தது.

ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ 134ஏ, நூறு வருடக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இதையும் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தம் ஆனது. இந்தியா 2021-இல் ஏற்றது. ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் 134ஏ கூடாது. அங்கே வந்திருக்கும் 1234ஒய்.எஃப். சூட்டை மிகக் குறைவாகவே கூட்டும், ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். அது சிதைந்து உண்டாகும் அமிலம் நீர்நிலைகளில் சேர்வது பற்றியும் கேள்வி எழுந்திருக்கிறது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு கேஸும் முந்தைய கேஸின் தப்புக்குப் பரிகாரமாகத்தான் வந்தது. ஒவ்வொன்றும் தன் செலவை வேறு ஒரு பேரேட்டில் எழுதி வைத்தது. அந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க ஒவ்வொரு முறையும் பல வருடம் ஆனது.

எங்கள் வீட்டுக் கணக்கு

காமர்ஸ் படிப்பவன் கணக்குப் போடாமல் விடலாமா? எங்கள் வண்டியில் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 450 கிராம் ஆர்-134ஏ என்று இருந்தது. 1,430-ஆல் பெருக்கினால் 643 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். அதாவது 280 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 4,200 கி.மீ. கொடைக்கானல் போய்வர ஏறக்குறைய 200 கி.மீ. ஆக மொத்தம் 21 சவாரி!

ஒரு பங்கு லீக்கில் தானாகப் போயிருக்கும். மிச்சத்தை நாங்கள் அரை நிமிடத்தில் திறந்துவிட்டோம். இரண்டும் சேர்ந்தது ஒரே இடத்தில்தான். அப்பா ஒரு சீசன் முழுக்க ஓட்டி எரிக்கும் பெட்ரோலுக்குச் சமமானதை, சவாரியும் இல்லாமல் வாடகையும் இல்லாமல் வாசலில் நின்றே செலவு செய்திருக்கிறோம். சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முன்னாடியே சொல்ல மாட்டியாடா" என்றார். எனக்கும் முன்னாடி தெரியாதே சித்தப்பா.

காயிலைக் கழற்றிப் பார்த்தபோது லீக்கான காரணம் புரிந்தது. மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே புழுதி, வேப்பம்பூ, சருகு. காற்றின் ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகும். அந்த ஈரத்தில் குப்பை ஊறி ஊறி அலுமினியத்தை அரித்து, ஊசி முனை அளவு ஓட்டை. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினால் நிழலோடு இதுவும் இலவசம்.

புதுக் காயில் மாட்டினோம். ஓ-ரிங் எல்லாம் புதிது. பிறகு கேஸ் அடிக்கப் போன இடத்தில் இன்னொரு பாட்டு வாங்கினோம். மூன்று நாளும் பைப் வாயை அடைக்காமல் விட்டிருந்தோம். உள்ளே ஈரம் புகுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறையும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிப் புதுக் காயிலையும் அரிக்கும். அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் டிரையர் என்று ஒரு குப்பி இருக்கிறது. திறந்து கிடந்ததில் அது வீணாகிவிட்டது, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, எடை பார்த்து கேஸ் அடித்தார்கள்.

வீட்டில் மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு (ஏர்பேக் இருக்கிறது, ஜாக்கிரதை), திருகுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பொறுமையாகச் செய்தால் கூலி மிச்சம்தான். ஆனால் முதல் வேலையும் கடைசி வேலையும் நம்முடையது அல்ல. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரெகவரி மெஷின் உள்ள இடத்துக்கு முதலில் போய் கேஸை எடுத்துவிட வேண்டும். மாற்றி முடித்தபின் வேக்கமும் கேஸும் அங்கேயே. நடுவில் உள்ள டாஷ்போர்டு யுத்தம் மட்டும் நமக்கு. பைப் வாயில் பாலித்தீன் கவர் கட்ட மறக்காதீர்கள்.

அடுத்த ஞாயிறே சவாரி வந்தது. மதுரைக் குடும்பம் ஒன்று, கைக்குழந்தையோடு. போனில் "ஏ.சி. இருக்குங்களா?" என்று கேட்டார்கள். அப்பா "ஜம்முனு இருக்குங்க" என்றார். எனக்கு மட்டும் அந்த 'புஸ்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.